கை அவிழ்த்த முதல் ராத்திரி

சூயாபம்பா
தவக்காலத்தின் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நார்சிசாவுக்கு,

உன் அப்பா பெலிசாரியோ எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மகள் லிதியா மூன்று பேரும் ஆண்டவர் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதில் ஒருத்தி மட்டும் இன்னும் நடக்கவில்லை, தவழ்கிறாள். நீ அங்கே மாட்ரிட்டில் எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியம்மா ராத்திரியில் எத்தனை தடவை உன்னை எழுப்புகிறாள், உனக்கென்று கதவு உள்ள அறை கொடுத்தார்களா இல்லை இன்னும் அவள் கட்டில் பக்கத்திலேயே படுக்கிறாயா, இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். ஞாயிறுதோறும் கன்யார் டவுனுக்குப் போய் போனில் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்தப் பூத்தில் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், கண்ணாடிக் கதவு சரியாக மூடுவதில்லை, உன் அம்மா ரிசீவரைக் கையை விட்டுக் கொடுப்பதும் இல்லை. எனக்கு மிஞ்சுவது கடைசி அரை நிமிஷம், நல்லாருக்கீங்களா அப்பா என்று நீ கேட்பாய், நல்லாருக்கேம்மா என்று நான் சொல்வேன், முடிந்தது. இது அரை நிமிஷத்தில் சொல்கிற விஷயம் இல்லை. உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அவள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பெத்ரோனா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நாலாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். செவலைப் பசு கன்று போட்டது, கிடாரி. மேட்டுக்காட்டு உருளைக்கிழங்கில் பாதி இந்த மழைக்குக் கறுத்துப் போனது, மீதி நமக்குப் போதும். கோயில் கூரையை மாற்றித் தகரம் போட்டாயிற்று, இப்போது பூசையின்போது மழை பெய்தால் பாதிரியார் பேசுவது காதில் விழுவதில்லை, அதனால் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். வேலை தேடி வடக்கே போன லிதியாவின் அப்பனிடமிருந்து இன்னும் ஒரு வரி இல்லை, அவன் அம்மா வீட்டுக்கும் இல்லை என்கிறார்கள், நீயும் அவனை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன், நானும் விட்டுவிட்டேன். லிதியாவுக்குக் கீழே இரண்டு பல், மேலே ஒன்று எட்டிப் பார்க்கிறது. பார்லி மாவுக் கஞ்சியைக் கிண்ணத்தோடு இழுக்கிறாள். எடை நன்றாக இருக்கிறது என்று சுகாதார நிலையத்து நர்ஸ் மாருஹா சொன்னாள். அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் நெஞ்சில் வாங்கிக்கொண்டு மற்றதைப் படி.

நான் சொல்ல வந்தது அவள் தூக்கத்தைப் பற்றி. நீ போகும்போது அவளுக்கு மூன்று மாதம், எப்படித் தூங்கினாள் என்று உனக்குத் தெரியும். பொழுது சாய்ந்ததும் துணியைச் சுற்றி, கையை உடம்போடு சேர்த்து, நீ வயிற்றில் அவளைச் சுமந்தபோது நெய்த அந்தச் சிவப்புக் கச்சையால் தோளிலிருந்து கால்வரை இறுக்கிக் கட்டினால் போதும், விடியும்வரை மூச்சு விடுகிற சத்தம்தான். பஸ் ஏறுகிற அன்றும் நீதான் கட்டினாய், கட்டி முடித்து மறுபடி அவிழ்த்து மறுபடி கட்டினாய், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நாலாவது மாதம் முடியும்வரை அந்தத் தூக்கம் அப்படியே இருந்தது. அதன் பிறகு என்ன ஆயிற்றோ, நாய் குரைத்தால் விழிப்பு, நான் இருமினால் விழிப்பு, ஒன்றும் இல்லாவிட்டாலும் விழிப்பு. ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து கட்டுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு முகம் சிவக்க அழுவாள். பகலில் கையை விட்டு விளையாடும்போது நல்ல குழந்தை, சிரிப்பும் கூச்சலும்தான். ராத்திரி கட்டியதும் போர் ஆரம்பித்துவிடும். உன் அம்மாவும் நானும் முறை வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம், அறைக்குள் ஒரு சுற்றுக்குப் பதினேழு காலடி, அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். அதையெல்லாம் போனில் நாங்கள் உனக்குச் சொல்லவில்லை, பால் குடிக்கிறாள் தூங்குகிறாள் என்றே சொன்னோம், அங்கே நீ தனியாக இருந்து கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டோம்.

உன் அம்மா சும்மா இருக்கவில்லை. கீரை இலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டினாள். லிதியாவுக்கு ஞானத்தாயாயிற்றே என்று பெத்ரோனா வந்து கோழி முட்டையால் உடம்பெல்லாம் தடவி, உடைத்துப் பார்த்து, பயந்திருக்கு குழந்தை என்று சொன்னாள். அதற்கு உன் அம்மா கண்டுபிடித்த காரணத்தைக் கேட்டால் உனக்கு அழுகை வரும், இருந்தாலும் எழுதுகிறேன். குழந்தையின் உயிர் நீ பஸ் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும்தான் வீட்டுக்கு வந்தது, அதனால்தான் தூக்கம் வரவில்லை என்றாள். ஒரு சாயங்காலம் லிதியாவின் குல்லாவை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற அந்தத் திருப்பத்துக்குப் போய், குல்லாவை ரோட்டில் வீசி வீசி எடுத்து, வா லிதியா, அங்க நிக்காத, அம்மா வர நாளாகும், நம்ம வீட்டுக்குப் போலாம் வா என்று கூப்பிட்டுக்கொண்டே வீடுவரை நடந்து வந்தாள். நான் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரி குழந்தை ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள், உன் அம்மா மறுநாள் முழுக்க என்னை ஏளனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மறுநாள் பழைய கதைதான்.

டிசம்பர் மாதம் எடை பார்க்கப் போனபோது நர்ஸ் மாருஹா எல்லாம் கேட்டாள். இந்த வயசுல எல்லாப் பிள்ளைக்கும் தூக்கம் மாறும், இது சீக்கு இல்ல, அவ வளர்றா அவ்வளவுதான், ஆனா புரள ஆரம்பிச்சிட்டா இனிமே கையைக் கட்டக்கூடாது, குப்புற விழுந்தா கையில்லாம எப்படி நிமிருவா, இன்னைக்கே அவுத்துருங்க என்று சொன்னாள். உன் அம்மா சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும், பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றாள். அவளைக் குறை சொல்ல நான் யார். உன் அம்மா வீட்டு வழியில் இருக்கிற பழக்கம் உனக்குத் தெரியாததா, கீழூரில் யாரும் இப்படிச் செய்வதில்லை, நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆனால் உன் அம்மாவுக்கு அது வேதம். ராத்திரிக் கட்டை அவிழ்ப்பது பெற்றவள்தான், வேறு யாரும் தொடக்கூடாது. கை அவிழ்த்த முதல் ராத்திரி குழந்தை தன் தாயின் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்க வேண்டும், அப்போதுதான் எங்கே போனாலும் அவளைத் தேடி வரும். உன் கையை உன் அம்மா அப்படித்தான் அவிழ்த்தாள். நீயும் போனில் பேசிய முதல் மாதமே சொன்னாய், எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நீ கத்தியது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. பல்லு மொளைக்கிறது, உக்கார்றது எல்லாம் நீங்களே பாத்துக்கங்கம்மா, அவ கையை மட்டும் அவுத்துராதீங்க, கார்னிவல் திருவிழாவுக்கு வந்துருவேன், அது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும் என்றாய். அதைக் கேட்டபிறகு நர்ஸ் சொன்னால் என்ன, மேற்றிராணியார் சொன்னால் என்ன, உன் அம்மா அவிழ்ப்பாளா. நான் அவிழ்த்தேனா. நானும் வாயைத் திறக்கவில்லை, அதை இங்கே எழுதி வைக்கிறேன். நர்ஸ் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தும் ராத்திரி உன் அம்மா கட்டும்போது கச்சையின் நுனியைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். பிறகு ஜனவரியில் நீ அங்கே தங்கி வேலை செய்யக் கொடுக்கிற காகிதம் வர இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம் என்று சொல்லி அழுதாய், கார்னிவலுக்கு முடியாது, எப்படியாவது ஈஸ்டருக்கு வரேன் என்றாய். ஈஸ்டர்வரை கட்டியே வைக்கிறோம்டி, நீ அழாத என்று உன் அம்மா சொன்னாள். அன்றைக்கு ராத்திரி ஒரு சுற்று கூடவே சுற்றினாள்.

ஜனவரி கடைசி வாரம். விடியும் முன்னே பால் கறக்கப் போனவன், கன்றைக் கட்டுகிற கயிற்றை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன் அம்மா அடுப்படியில் நெருப்பு ஊதிக்கொண்டிருந்தாள். குழந்தை உள்ளே ஆட்டுத்தோல் மேல். சத்தமே இல்லை. இரண்டு மாதமாக அப்படி ஒரு அமைதியான விடியலை நான் பார்த்ததில்லை, அப்பாடா தூங்குகிறாள் என்று சந்தோஷப்பட்டேன், கால் வைக்கிற சத்தம் கேட்கக்கூடாது என்று நுனிக்காலில் நடந்தேன் நார்சிசா, கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பேன். என்ன தோன்றியதோ திரும்பிப் பார்த்தேன். குப்புறக் கிடந்தாள். முகம் முழுக்க ஆட்டுரோமத்துக்குள் புதைந்திருந்தது, கட்டு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துத் திருப்பினால் முகம் நாவல்பழ நிறம், வாயில் ரோமம். விரலை விட்டு ரோமத்தை எடுத்தேன், கச்சையின் முடிச்சு ஈரத்தில் இறுகிப் போயிருந்தது, நகம் பிய்ந்ததுதான் மிச்சம். இடுப்பில் கிழங்குச் சாக்கு அறுக்கிற கத்தி இருந்தது. நீ நெய்த கச்சையை மூன்று இடத்தில் அறுத்தேன். கை இரண்டும் வெளியே வந்து விழுந்தன. முதுகில் தட்டினேன், மூக்கில் ஊதினேன், எத்தனை நேரம் என்று தெரியாது, அப்புறம் அழுதாள். அழுகையைக் கேட்டு ஓடி வந்த உன் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த விடியலிலேயே போர்வையில் சுற்றி நர்ஸ் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அவள் பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்றாள். பிறகு எங்களை ஒரு பார்வை பார்த்தாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

உன்னிடம் மறைத்தது இதைத்தான். அன்று மத்தியானம்வரை உன் அம்மா அறுந்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, அறுத்துட்டீங்களே, முடிச்சை அவுத்திருக்கலாமே என்று மெதுவாகத்தான் கேட்டாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, உன் பழக்கத்துக்குப் பேத்தியைக் காவு குடுக்கப் பாத்தியா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. முப்பத்தோரு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன வார்த்தைகளில் அதைவிடக் கெட்டது இல்லை, அதுவும் நுனியைப் பிடித்துக் கொடுத்த கையை வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் எழுந்து போய் ஏற்கனவே கழுவி வைத்த பானையை மறுபடி கழுவினாள்.

அன்று ராத்திரிதான் லிதியாவுக்குக் கை அவிழ்த்த முதல் ராத்திரி. பகலில் அந்தக் கையை வைத்துக்கொண்டு எல்லாம் செய்கிற குழந்தைக்குத் தூக்கத்தில் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கண் மூடியதும் கை தானாகத் தூக்கிப் போடும், தன் கையே முகத்தில் பட்டு விழித்துக்கொள்வாள், பயந்து அழுவாள். உன் அம்மா பக்கத்தில் படுத்து விரலை நீட்டினாள். நீட்டியவள் நடுவிலேயே இழுத்துக்கொண்டாள். வேணாம், அது நார்சிசா விரல் இருக்கவேண்டிய எடம் என்று சொல்லி இரண்டு கையையும் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். குழந்தை அழுகிறாள், இவளும் அழுகிறாள், கையை மட்டும் கொடுக்கமாட்டேன் என்கிறாள். அன்று ஏழு தடவை குழந்தை எழுந்தாள். ஏழாவது தடவை நான் குனிந்து பார்த்தபோது, நம் ஆம்பிளைகள் வழக்கப்படி நான் போட்டிருக்கும் பின்னல் தோளிலிருந்து நழுவி அவள் மேல் விழுந்தது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. தூங்கிவிட்டாள். நான் விடியும்வரை முதுகை வளைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், இரண்டு நாள் நிமிர முடியவில்லை. உனக்கென்று ஒன்றே ஒன்றைக் கேட்டாய், அதில் கிழவன் என் பின்னல் போய் உட்கார்ந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, மன்னித்துக்கொள் மகளே.

அதன்பிறகு மூன்று நாலு ராத்திரி படுத்தினாள், பிறகு நாளுக்கு நாள் மாறியது. பக்கவாட்டில் திரும்பிப் படுக்கப் பழகினாள், குப்புறப் படுத்தாலும் கையை ஊன்றித் தலையைத் திருப்பிக்கொள்கிறாள், கட்டை விரலை வாயில் போட்டுக்கொள்கிறாள். இரண்டு வாரத்தில் ராத்திரிக்கு ஒரே தடவைதான் விழிப்பு. பெத்ரோனா அது முட்டை வேலை செய்கிறது என்கிறாள், செய்யட்டும். ஆனால் இப்போது ஒரு பத்து நாளாகப் புதிதாக ஒன்று. விழித்தால் சும்மா அழுவதில்லை, ஆளைத் தேடுகிறாள். இருட்டில் கையை நீட்டித் தடவிப் பார்க்கிறாள். நான் தூக்கினால் தள்ளுகிறாள், என் பின்னலைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறாள். உன் அம்மா வந்து பக்கத்தில் படுத்து, பாட்டியின் கழுத்து மணியில் குழந்தையின் கை பட்டால்தான் அடங்குகிறாள். பகலிலும் அப்படித்தான், உன் அம்மா தண்ணீருக்கு எழுந்தால் போதும், வீடு இரண்டாகிறது. மாருஹாவிடம் கேட்டேன், யார் தன் ஆளுன்னு இப்பதான் பிள்ளைக்குத் தெரிய ஆரம்பிக்குது தாத்தா, அதான் தூக்கம் மறுபடி கலையுது, நல்லதுக்குத்தான் என்றாள். நல்லதுதான். போன வியாழக்கிழமை உன் அம்மாவைப் பார்த்து அம்மா என்றாள். உளறல் இல்லை, கையை நீட்டிக்கொண்டு சொன்னாள். உன் அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. நான் இல்லடி, நான் பாட்டி, உங்கம்மா தூரத்துல இருக்கா என்றாள். குழந்தை சிரித்துவிட்டு மறுபடி அதையே சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் உன் அம்மா திருத்துகிறாள், குழந்தை ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறாள். வேறு யார் வாயிலிருந்தோ உனக்கு இது தெரிய வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். 

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனில் உன் அம்மா என்ன சொல்கிறாள், கட்டித்தான் வச்சிருக்கோம், நல்லாத் தூங்குறா, நீ வந்து அவுத்துக்கோ என்கிறாள். ஐந்து ஞாயிறாக இதைச் சொல்கிறாள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நிற்கிறேன். அவளும் பெத்ரோனாவும் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள், அறுந்த கச்சையை ஒட்டுத்தையல் போட்டுத் தைத்தாயிற்று, நீ வருகிற அன்று காலையில் குழந்தையைக் கட்டி உன் கையில் கொடுப்பார்களாம், நீ அவிழ்ப்பாயாம், ராத்திரி உன் விரலைக் கொடுப்பாயாம். அவ மனசு குளிரட்டும், குழந்தைக்கு என்ன தெரியப்போவுது என்கிறாள் பெத்ரோனா. குழந்தைக்குத் தெரியும். இப்போது அவளைக் கட்டினால் அலறுவாள். உன் முன்னால் நாங்கள் மூன்று பேரும் நாடகம் ஆட, நீ நடுவில் அழுதுகொண்டு முடிச்சை அவிழ்ப்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பேன், உன் அம்மாவை எதிர்க்கிற தைரியம் எனக்கு என்றைக்கு இருந்தது. போன ஞாயிறு நீ சொன்ன வார்த்தைதான் பேனாவை எடுக்க வைத்தது. காகிதமும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஈஸ்டருக்கு டிக்கெட் எடுக்கப்போறேன், அவ கையை நான் அவுக்கணும், அப்புறம் திரும்பி இங்க வேலைக்கு வர முடியாட்டியும் பரவால்ல என்றாய். உன் அம்மா வா வா என்றாள், பூத்துக்கு வெளியே வந்து என்ன செய்வேன் என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆகையால் கேட்டுக்கொள். அவிழ்ப்பதற்கு இங்கே கட்டு இல்லை. அந்த ராத்திரி வந்து போய்விட்டது. அதற்காக மட்டும் என்றால் காகிதத்தை விட்டுவிட்டு ஓடி வராதே. அவளுக்காக என்றால் எப்போது வேண்டுமானாலும் வா, இந்த ஈஸ்டரோ அடுத்த வருஷமோ, அதை நீதான் நிச்சயிக்க வேண்டும், வா என்றும் சொல்லமாட்டேன் வராதே என்றும் சொல்லமாட்டேன். இரண்டில் எதைச் சொன்னாலும் பிறகு ஒரு நாள் நீ என்னைக் கேட்பாய்.

எப்போது வந்தாலும் சரி, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதை நான் உன் அம்மாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. நீ ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது நான் கடற்கரைப் பக்கம் கரும்பு வெட்டப் போனேன், காய்ச்சலில் படுத்து, அங்கேயே மாட்டிக்கொண்டு, திரும்பி வந்தபோது உனக்கு ஒன்றேகால் வயது. முற்றத்தில் நுழைந்ததும் உன்னை வாரி எடுத்தேன். நீ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாயெல்லாம் ஓடி வந்தது. என் முகத்தைப் பார்த்தாலே அழுவாய், நான் இருக்கிற அறையில் தூங்கமாட்டாய். பதினோரு ராத்திரி சோளக் குதிருக்குப் பக்கத்தில் சாக்கு மேல் படுத்தேன், ஆம்பிளை அழக்கூடாது என்று வாயில் தொப்பியை வைத்துக்கொண்டு அழுதேன். பகலில் முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருப்பேன், உன்னைப் பார்க்காமல் உரிப்பேன். நீ தூரத்திலிருந்து பார்ப்பாய், நாளுக்கு நாள் ஒரு முழம் கிட்டே வருவாய். பன்னிரண்டாம் நாள் வந்து என் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாய். தூக்கச் சொல்லிக் கை துடித்தது, தூக்கவில்லை, மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தேன். நீயே மடியில் ஏறினாய், அப்படியே தூங்கிப்போனாய். ஆகவே லிதியா உன்னைப் பார்த்ததும் அலறுவாள், உன் அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்வாள், அதற்கு நீ தயாராக வா. பகலில் வா, இருட்டிய பிறகு வராதே. வாரி எடுக்காதே. தரையில் உட்கார், வேறு எதையாவது பார்த்துக்கொண்டிரு, கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள். ராத்திரி என்னைப்போல வெளியே போய்ப் படுக்காதே, அதே அறையில் படு, உன் மூச்சுச் சத்தம் அவளுக்குப் பழகட்டும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்காதே. எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று, நீ ஆம்பிளை இல்லை, பெற்றவள், உனக்குக் குறைவாக ஆகலாம். கூட ஆனாலும் ஆகட்டும்.

நாளைக்குச் சந்தை, இதைக் கன்யாரில் தபால் ஏஜென்சியில் கொடுத்துவிடுகிறேன், பத்து நாளில் போய்ச் சேரும் என்கிறான். ஆண்டவரும் மாதாவும் உன் தலைமாட்டில் நிற்கட்டும், நீ தூக்கிவிடுகிற கிழவியம்மாவுக்கும் நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும், அப்போதுதான் உனக்கும் கொஞ்சம் கிடைக்கும். அடிக்கடி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சூடாக ஏதாவது குடி.

ஒன்றை மறந்துவிடாதே. இது கைக்கு வந்தபிறகு வருகிற முதல் ஞாயிறு, உன் அம்மா வழக்கம்போலக் கட்டித்தான் வச்சிருக்கோம் என்று ஆரம்பிப்பாள். அவளை முடிக்க விடாதே. கையை அவுத்தது நல்லதும்மா, எனக்குத் தெரியும் என்று நீயே முதலில் சொல்லிவிடு. அப்பா எழுதினார் என்றும் சொல், திட்டு என்னோடு போகட்டும். அவள் வாயால் அதை உன்னிடம் சொல்லவே முடியாது. குழந்தை தூங்க ஆரம்பித்துவிட்டாள் நார்சிசா. ஐந்து வாரமாகக் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பது உன் அம்மாதான்.

உன் அப்பா,
பெலிசாரியோ